விறைப்பான பூட்ஸும் குதிகால் கொப்புளமும்: மலைவேட்டைக்கு முதல் தடவை கிளம்புகிறவருக்கு

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: வரும் ஜூனில் நியூசிலாந்துத் தெற்குத் தீவின் ஆல்ப்ஸ் மலைகளில் நான்கு நாள் தார் (ஒருவகை மலையாடு) வேட்டைக்குப் போகிறார், முதல் தடவை. ஏறும்போது முதுகில் 20 கிலோ. இறங்கும்போது இறைச்சியும் சேரும். கூட வருகிறவர்கள் "கிடைக்கிறதிலேயே விறைப்பான பூட்ஸா வாங்கு" என்று சொல்ல, அப்படியே வாங்கிவிட்டார். ஊருக்குப் பக்கத்தில் போர்ட் ஹில்ஸில் இரண்டு முறை ஏறிப் பார்த்ததில், இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு குதிகாலின் பின்புறத்திலும் கொப்புளம். "விறைப்பாவும் இருக்கணும், கொப்புளமும் வரக்கூடாது, எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்பது கேள்வி. ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: போகிற இடத்துக்கு எவ்வளவு விறைப்பு உண்மையில் வேண்டும்? கொப்புளம் வந்தது விறைப்பாலா, அளவு பொருந்தாததாலா? இவை தெளிந்தால் கம்பெனிப் பெயர் சின்ன விஷயமாகிவிடும். அதனால் பெயர்களைக் கடைசியில்தான் சொல்லப்போகிறேன்.

மலை பூட்ஸுக்குக் கால் அளவெடுப்பதும், பொருத்திக் கொடுப்பதும், தேய்ந்த அடியை மாற்றுவதும் பல ஆண்டுகளாக என் வேலை. நான் மருத்துவன் அல்ல. உங்கள் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்க்கவும் இல்லை. பாதத்தைப் பார்க்காமல் "இந்த மாடல்தான் உங்களுக்கு" என்று யார் சொன்னாலும் அது ஊகம். உங்கள் கொப்புளத்தின் காரணம் பற்றி நான் சொல்வதும் அறிகுறிகளை வைத்துச் செய்யும் கணிப்பே. கொப்புளம் எப்படி உண்டாகிறது, விறைப்பு எதற்கு உதவுகிறது என்பவற்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி. தார் என்பது இமாலய வரையாடு. 1904இல் அவோராக்கி (மவுண்ட் குக்) மலைப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். இயற்கை எதிரி இல்லாமல் பெருகி மலையுச்சிச் செடிகொடிகளை மேய்ந்து அழிப்பதால், அங்கே உரிமமும் அனுமதியும் உள்ளவர்கள் சட்டப்படி வேட்டையாடலாம். நம் நீலகிரி வரையாட்டை நெடுங்காலம் இதன் நெருங்கிய உறவாகவே வைத்திருந்தார்கள். 2005இல்தான் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். இரண்டும் வாழ்கிற நிலம் ஒரே மாதிரி: செங்குத்தான பாறை, வழுக்கும் புல், ஆள் நிற்கவே இடமில்லாத சரிவு. பூட்ஸைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்த நிலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விறைப்பு எதற்கு? சரிவில் குறுக்காக நடக்கும்போது பாதம் முழுவதும் தரையில் படாது. பூட்ஸின் மேட்டுப்பக்க விளிம்பு மட்டும்தான் மண்ணைக் கடித்துப் பிடிக்கும். அடி மெத்தென்று இருந்தால் அந்த விளிம்பு முறுக்கிக்கொண்டு வழுக்கிவிடும். அதைத் தடுக்கக் கணுக்காலும் கெண்டைக்காலும் ஒவ்வொரு அடிக்கும் போராட வேண்டும். 20 கிலோ சுமையோடு நாள் முழுதும் இப்படி நடந்தால் மாலையில் கால் தளரும். கால் தளர்ந்த நேரத்தில்தான் ஆள் விழுவார். உறைந்த கொத்துப்புல், சரளைச் சரிவு, இறுகிய பனி மூன்றிலும் இதே கதை. பாறையில் நுனிக்காலை மட்டும் வைத்து ஏறும்போது அடி வளையாமல் இருந்தால் கெண்டைக்கால் பிழைக்கும். ஜூன் அங்கே குளிர்காலம். உயரத்தில் கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள்சட்டம்) மாட்ட வேண்டி வரும். அடி வளைந்தால் கிராம்பான் கழன்றுவிடும், சில சமயம் உடைந்தும் போகும். ஆகவே உங்கள் நண்பர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் "கிடைப்பதிலேயே விறைப்பான" என்பது தப்பு. விறைப்பு இரண்டு வகை. ஒன்று நீளவாட்டில்: நுனியைப் பிடித்து மேலே வளைத்தால் எவ்வளவு வளைகிறது. இன்னொன்று முறுக்கு: குதியை ஒரு கையிலும் நுனியை ஒரு கையிலும் பிடித்து, துணி பிழிவதுபோல் திருகினால் எவ்வளவு திரும்புகிறது. சரிவில் குறுக்கே நடக்க உங்களுக்கு வேண்டியது முக்கியமாக இரண்டாவது வகை. முறுக்கு அறவே இல்லாமல், விரல் மடியும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வளையும் பூட்ஸ்தான் நடக்கவும் ஏறவும் ஏற்றது. கடையில் கையால் செய்து பாருங்கள்: திருகினால் அசையவே கூடாது, நுனியை வளைத்தால் பலம் கொடுத்த பிறகு சற்று வளைய வேண்டும். இரண்டு கையாலும் முழு பலத்தோடு வளைத்தும் அசையவில்லை என்றால் அது பனிச்சுவர் ஏறுகிறவர்களின் பூட்ஸ்.

இதைக் கம்பெனிகள் எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கின்றன. மைண்டல் ஏ முதல் டி வரை தரம் பிரித்திருக்கிறது: ஏ சாதாரண நடைக்கு, பி சுமையோடு மலைப்பாதைக்கு, பி/சி பாதையில்லாத கரடுமுரடான உயரத்துக்கு, சி பனிமலைக்கு, டி பனிச்சுவருக்கு. கிறிஸ்பி 1 முதல் 5 வரை எண் போடுகிறது. இவை அந்தந்தக் கம்பெனியின் கணக்கு. ஒன்றின் 4 இன்னொன்றின் பி/சிக்குச் சமம் என்று கொள்ள முடியாது. கிராம்பான் பொருத்தத்துக்குத் தனியாகப் பி0 முதல் பி3 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. மேலே சொன்ன எழுத்துப் பியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பி0வில் கிராம்பான் மாட்டக் கூடாது. பி1இல் பட்டையால் கட்டும் சி1 வகை மாட்டலாம். குதியில் கிராம்பான் கவ்வ விளிம்பு இருப்பது பி2. அதில் குதியில் கவ்வும் சி2 வகை வரை மாட்டலாம். முன்னும் பின்னும் விளிம்புள்ள, அறவே வளையாத பூட்ஸ் பி3.

உங்கள் பயணத்துக்கு என் தீர்ப்பு: பி1 வகையிலேயே விறைப்பு கூடியது, அல்லது பி2. மைண்டல் கணக்கில் பி/சி, மிஞ்சினால் சி. அதற்கு மேல் வேண்டாம். அங்கே ஒரு பள்ளத்தாக்கின் தலைப்பகுதிக்குப் போக ஆற்றுப்படுகைக் கற்களில் மணிக்கணக்கில் சமதளமாக நடந்தாக வேண்டும். முழு விறைப்பு பூட்ஸ் குதியை அடித்து எடுப்பது பெரும்பாலும் அந்தச் சமதள நடையிலும், வண்டிப்பாதை ஏற்றத்திலும்தான்.

ஏன் என்று விளங்கக் கொப்புளத்தின் உள்வேலை தெரிய வேண்டும். பூட்ஸ் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கொப்புளம் வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வெளியிலிருந்து தேய்த்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளம் உள்ளே நடப்பது. ஒரு விரலைப் புறங்கையில் அழுத்தி வைத்து, வழுக்க விடாமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு போகிறது, அடியில் எலும்பு அதே இடத்தில் நிற்கிறது. நடுவில் உள்ள சதை இழுபடுகிறது. பூட்ஸுக்குள்ளும் இதேதான். குதிகால் தோல் சாக்ஸோடு ஒட்டுகிறது, சாக்ஸ் பூட்ஸோடு ஒட்டுகிறது, எலும்பு மட்டும் ஒவ்வொரு அடியிலும் மேலே எழும்பி இறங்குகிறது. ஆயிரக்கணக்கான தடவை இப்படி இழுபட்டதும் மேல்தோலின் உள்ளடுக்கு கிழிகிறது. அந்த இடைவெளியில் அடுத்த ஓரிரு மணி நேரத்தில் நீர் சேர்கிறது. தடித்த தோல் உள்ள குதிகாலிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் கட்டுவதும், மெல்லிய தோல் உள்ள இடம் உரிந்துபோவதும் இதனால்தான்.

நடக்கும்போது பாதம் விரல் மூட்டில் மடிய விரும்புகிறது. பூட்ஸ் மடியவில்லை என்றால் பாதம் உள்ளேயே மடியப் பார்க்கும். அப்போது குதி, பூட்ஸின் பின்பக்கத்தில் அது உட்காரும் கிண்ணத்திலிருந்து எழும்பும். விறைப்பு கொப்புளத்துக்கு வழி செய்வது இந்த ஒரு வகையில்தான். நல்ல தயாரிப்பாளர்கள் இதற்காக அடியின் முன்பகுதியைப் படகின் அடிபோல் மேலே வளைத்துச் செதுக்குகிறார்கள். பூட்ஸ் மடியாவிட்டாலும் உருண்டு முன்னே போகும். விறைப்பான பூட்ஸ் வாங்கும்போது மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்: நுனி மேசையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி எழும்பியிருக்க வேண்டும். விறைப்பு நிறைய, வளைவு குறைவு என்றால் அந்த ஜோடியைத் திருப்பி அலமாரியில் வைத்துவிடலாம்.

இப்போது அளவு. என் பார்வையில் முக்கால்வாசிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நம்மவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, காலணி இல்லாமல் வளர்ந்த இந்தியர்களின் முன்பாதம் காலணியோடு வளர்ந்தவர்களுடையதைவிட அகலமாக இருப்பதை அளந்து காட்டியது. செருப்பில் வளர்ந்த நம் பாதங்கள் பலவற்றிலும் இதைப் பார்க்கிறேன்: முன்னே அகலம், குதியில் ஒடுக்கம். இப்படிப்பட்டவர் கடைக்குப் போய் 42ஐப் போட்டதும் சுண்டுவிரல் நெரிகிறது. கடைக்காரர் 43 தருகிறார். "இப்ப சரியா இருக்கு" என்று வாங்கிவிடுகிறார். ஐரோப்பிய அளவில் ஓர் எண் என்பது 6.67 மில்லிமீட்டர் நீளம். அகலம் தேடிப் போனவர் நீளத்தையும் சேர்த்து வாங்கிவிட்டார். பூட்ஸ் மடியும் இடம் விரல் மூட்டுக்கு முன்னே தள்ளிப்போகிறது, குதிக் கிண்ணம் தொளதொளக்கிறது, குதி எழும்புகிறது. மென்மையான ஷூவில் இந்தத் தப்பு மறைந்துவிடும். விறைப்பான பூட்ஸ் அதை மறைக்காது. இரண்டு குதியிலும், பின்புறத்திலேயே, ஏற்றத்தில், இரண்டு மணிக்குள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

அளவெடுக்கும்போது குதியிலிருந்து பெருவிரல் நுனி வரை மட்டும் அளந்தால் போதாது. பிரானக் என்னும் அந்த உலோக அளவுத்தட்டில் மூன்று அளவுகள் எடுக்கலாம்: மொத்த நீளம், குதியிலிருந்து பெருவிரல் மூட்டு வரை, அகலம். இரண்டாவது அளவுதான் பூட்ஸ் உங்கள் கால் மடியும் இடத்தில் மடியுமா என்று சொல்வது. பெரும்பாலான கடைகளில் அதைப் பார்ப்பதே இல்லை. கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். மாலையில் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். எழுந்து நின்று, எடை முழுவதும் பாதத்தில் இறங்கிய நிலையில் அளக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கு வாங்குங்கள், சின்னக் காலுக்கு மெல்லிய தகடு ஒன்றை இன்சோலுக்கு (பூட்ஸுக்குள் கழற்றி எடுக்கக்கூடிய உள்ளடிக்கு) அடியில் வைத்துச் சரிசெய்யலாம்.

பிறகு பூட்ஸுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். குதியைப் பின்விளிம்போடு சேர்த்து வைத்தால் விரல் நுனிக்கு முன் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவு இடம் வேண்டும். பக்கவாட்டில் சதை இன்சோலைத் தாண்டி வழியக் கூடாது. அடுத்து இன்சோலைப் போட்டு, லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளி விரல் நுனி தொடும்வரை நகர்த்துங்கள். குதிக்குப் பின்னால் ஓர் ஆள்காட்டி விரல் சற்று இறுக்கமாக நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் பெரிது. இப்போது குதியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வைத்து லேஸ் கட்டுங்கள். நடக்கும்போது குதி எழும்பவே கூடாது என்பதில்லை; விறைப்பான புது பூட்ஸில் 3 முதல் 6 மில்லிமீட்டர் எழும்புவது இயல்பு. எழும்பும்போது பக்கவாட்டில் உராய்ந்துகொண்டே போவதும், ஒரு விரல் கனத்துக்கு எழும்புவதும் தப்பு. கடையில் சாய்தளம் இருந்தால் ஏறி இறங்குங்கள், இல்லையென்றால் படிக்கட்டு. இறங்கும்போது முன்னங்காலை ஓங்கி வைத்துப் பாருங்கள். விரல் நுனி இடித்தால் அந்த ஜோடி நான்கு நாள் மலையில் நகத்தைக் கறுக்க வைக்கும். அரை மணி நேரமாவது காலில் இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தரைவிரிப்பின்மேல் இரண்டு மூன்று மாலை போட்டு நடங்கள்; அடியில் அழுக்குப் படாதவரை பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்ளும், வாங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அகலமும் நீளமும் சரியாகி, பாதத்தின் மேல்பக்கம் மட்டும் காலியாக இருக்கிற நிலை ஒன்று உண்டு. லேஸை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு பக்கக் கொக்கிகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும், இறுக்கம் வராது. பூட்ஸின் கொள்ளளவு பாதத்தைவிட அதிகம் என்று அர்த்தம். கனமான இன்சோல் போட்டால் ஓரளவு சரியாகும். கூடவே வரும் பஞ்சு இன்சோல் பெரும்பாலும் பெயருக்குத்தான். குதியைக் கிண்ணம்போல் பிடிக்கும் கெட்டியான இன்சோல் வாங்கிப் போடுவது பல கால்களில் குதி எழும்புவதைக் குறைக்கிறது. எல்லாக் காலுக்கும் குறைக்குமா என்றால் இல்லை. குதியை உயர்த்தும் இன்சோல், ஆழமில்லாத குதிக் கிண்ணத்தில் நிலைமையை மோசமாக்கும். இன்சோலைப் பூட்ஸோடு சேர்த்துப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பூட்ஸில் தேடாமல் உங்கள் காலில் தேட வேண்டிய ஒரு காரணமும் இருக்கிறது: கெண்டைக்கால் இறுக்கம். ஏற்றத்தில் கணுக்கால் முன்பக்கமாக மடிய வேண்டும். கெண்டைத்தசை இறுகியிருந்தால் அது மடியாது. பதிலுக்குக் குதி சீக்கிரமே எழும்பும். சுவரைப் பார்த்து நின்று, குதியைத் தரையில் ஊன்றியபடி முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டும் தொட முடிந்தால் நல்லது. அதற்குள்ளேயே குதி எழும்பிவிட்டால் கெண்டைக்காலைத் தினம் இரண்டு வேளை, முழங்காலை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை, அரை நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். ஜூனுக்குள் பலன் தெரியும். அதுவரை குதிக்கு அடியில் 5 மில்லிமீட்டர் கெட்டியான ஆப்பு ஒன்று வைத்தால் கணுக்கால் மடிய வேண்டிய அளவு குறையும்.

மேல்பாகம் பற்றிச் சுருக்கமாக. 2.5 முதல் 3 மில்லிமீட்டர் கனமுள்ள முழுத்தோல், தையல் குறைவு, சுற்றிலும் ரப்பர் பட்டை: சரளையில் நீடிப்பது இதுதான். செயற்கைத் துணி பூட்ஸ் இலகு, சீக்கிரம் பழகும், ஆனால் கூர்மையான கல்லில் சீக்கிரம் கிழியும். ரப்பர் பட்டை உயரமாக இருந்தால் பிறகு அந்த இடத்தை அகலப்படுத்துவது கடினம். சுண்டுவிரல் இடிக்கிறது என்றால் "அப்புறம் இழுத்துக்கலாம்" என்று நம்பி வாங்காதீர்கள். கோர்-டெக்ஸ் போன்ற நீர்தடுப்புச் சவ்வு பனிக்கும் ஈரப்புல்லுக்கும் நல்லது. ஆறு கடக்கும் வேட்டையில் தண்ணீர் மேல்வழியாகத்தான் வரும். வந்தால் வெளியேற வழியில்லை, காயவும் நேரமாகும். மேற்குக் கரைப் பக்கம் போகிறவர்களுக்கு இது பெரிய குறை. கிழக்கே கேன்டர்பரிப் பக்கம் போனால் சவ்வு உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். குளிருக்குப் பயந்து உள்ளே பஞ்சு அடைத்த பூட்ஸ் வாங்க வேண்டாம். ஏற்றத்தில் கால் வியர்த்து ஊறும், ஊறிய தோல் அதிகம் ஒட்டும். உயரமான கழுத்து கணுக்கால் சுளுக்கைத் தடுக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரம் பலமாக இல்லை. கெய்ட்டரோடு (பூட்ஸின் மேல்வாயையும் கெண்டைக்காலையும் மூடும் துணி உறையோடு) சேர்ந்து கல்லும் பனியும் உள்ளே போகாமல் தடுக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

பழக்குவது பற்றி நிறையத் தப்பான நம்பிக்கைகள் உலவுகின்றன. அடிக்குள் இருக்கும் நைலான் அல்லது எஃகுத் தகடு நீங்கள் நடந்து இளகாது. கணுக்கால் மடிப்பில் உள்ள தோலும், உள் மெத்தையும்தான் பழகும். கடையில் வலித்தது நடக்க நடக்கச் சரியாகும் என்பது கணுக்கால் மடிப்புக்கு மட்டும் பொருந்தும். நீளத்துக்கும் விரல் அகலத்துக்கும் பொருந்தாது. தண்ணீரில் ஊறவைத்துப் போட்டு நடப்பது, அடுப்பருகே வைத்துச் சூடாக்குவது இரண்டும் தோலையும் பசையையும் கெடுக்கும். ஆறு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்: முதல் வாரம் வீட்டில், பிறகு சமதளத்தில் ஒரு மணி, பிறகு 8 கிலோ சுமையோடு இரண்டு மூன்று மணி மேடுபள்ளத்தில், கடைசி இரண்டு வாரம் முழுச் சுமையோடு ஏற்றம். இதில் பூட்ஸைவிட அதிகம் பழகுவது உங்கள் தோல். மெல்ல மெல்ல இழுபடும் தோல் தடித்துத் தாங்கும். ஒரே நாளில் இழுத்தால் கிழியும். கொப்புளம் வந்திருக்கும் இந்த நேரத்தில் அது முழுதும் ஆறும்வரை பழக்கத்தை நிறுத்திவையுங்கள்.

லேஸ் கட்டுவதைப் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். பூட்ஸை மாற்றாமலேயே பாதிப் பேருக்குத் தீர்வு தருவது இது. விரல் பகுதியில் லேசாக, நடுப்பாதத்தில் படிப்படியாக இறுக்கி, கணுக்கால் மடியும் இடத்துக்கு வந்ததும் லேஸின் இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுங்கள். இந்த முடிச்சு கீழே உள்ள இறுக்கத்தைப் பூட்டிவிடும். மேலே எப்படிக் கட்டினாலும் கீழே தளராது. கணுக்காலுக்குப் பக்கத்தில் உள்ள கொக்கியில் லேஸை மேலிருந்து கீழாக மாட்டினால் குதி இன்னும் பின்னால் உட்காரும். ஏறும்போது கழுத்துப் பகுதியைத் தளர்த்தி, மேல் கொக்கி ஒன்றை விட்டுவிடுங்கள். கணுக்கால் மடிய இடம் கிடைக்கும். இறங்குவதற்கு முன் நின்று, நடுப்பாதத்தையும் கழுத்தையும் இறுக்குங்கள். பாதம் முன்னே சறுக்காது. நாளுக்கு நான்கைந்து தடவை லேஸ் மாற்றிக் கட்டுவது சோம்பலாகத் தோன்றும். அந்தச் சோம்பலின் விலை கொப்புளம்.

சாக்ஸில் பருத்தி வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி கலந்தது நடுத்தரக் கனத்தில், அதற்குள் மெல்லிய பாலியெஸ்டர் உள்சாக்ஸ் ஒன்று. இரண்டு சாக்ஸுக்கும் நடுவே வழுக்கல் நடப்பதால் தோல் இழுபடுவது குறைகிறது. அமெரிக்க ராணுவத்தினரிடம் நடத்திய ஆய்வுகளும் இந்த இரட்டை அடுக்குக்குச் சாதகமாக இருக்கின்றன. ஆனால் பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் இரண்டு சாக்ஸ் அழுத்தத்தைக் கூட்டிக் காரியத்தைக் கெடுக்கும். வியர்வை நிறுத்தி பற்றியும் ஆய்வு உண்டு: 1998இல் வெளியானது, வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளி மாணவர்கள் 667 பேர், 20% அலுமினியம் குளோரைடு கரைசலை நடைக்கு முந்தைய ஐந்து இரவுகளில் பூசச் சொல்லி, 21 கிலோமீட்டர் நடக்க வைத்தார்கள். குறைந்தது மூன்று இரவாவது பூசியவர்களில் கொப்புளம் வந்தது 21% பேருக்கு. வெற்றுக் கரைசல் பூசியவர்களில் 48% பேருக்கு. ஆனால் மருந்து பூசியவர்களில் 57% பேருக்குத் தோல் எரிச்சல் கண்டது, மற்றவர்களில் 6%தான். கால் அதிகம் வியர்ப்பவர் முன்கூட்டியே ஒரு சின்ன இடத்தில் பூசிப் பார்த்துவிட்டு முயலலாம். பயணத்துக்கு முந்தின வாரம் முதல் தடவையாகப் பூசக் கூடாது. வாசலின் பூசுவது முதல் ஒரு மணி வழுக்கும், அப்புறம் ஒட்டல் பழையபடி கூடிவிடும். நாள் முழுதும் நடப்பவருக்கு நான் சொல்வதில்லை.

டேப் விஷயத்தில் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. நெடுந்தூரப் பாலைவன ஓட்டக்காரர்களிடம் காகித டேப்பை வைத்துச் செய்த முதல் ஆய்வில் பலன் தெரியவில்லை. 2016இல் வந்த அடுத்ததில் கொப்புளம் 40% குறைந்தது. நடைமுறையில் குதிகாலுக்கு நன்றாக ஒட்டும் கெட்டியான துத்தநாக ஆக்சைடு டேப் நம்பகமானது. முதல் நாள் காலையில், தோல் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கும்போதே ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், சுருக்கம் விழக் கூடாது. சுருக்கமே அடுத்த கொப்புளத்துக்கு இடம். இரவில் பிய்க்க வேண்டாம், ஓரம் கிளம்பினால் மட்டும் வெட்டிவிடுங்கள். பூட்ஸின் உட்பக்கம் குதி படும் இடத்தில் ஒட்டும் வழுக்குத் துண்டுகளும் கிடைக்கின்றன; ஒட்டலைக் குறைப்பதில் அவை தோலில் ஒட்டும் டேப்பைவிட நேரடியாக வேலை செய்கின்றன.

மலையில் குதியில் லேசாகச் சுடுகிற மாதிரி தோன்றினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், "அடுத்த மேட்டில் பார்த்துக்கலாம்" வேண்டாம். பூட்ஸைக் கழற்றி, காலைக் காயவிட்டு, சாக்ஸ் மாற்றி, டேப் ஒட்டி, லேஸை மேலே சொன்னபடி கட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் சின்னது, வலியில்லாதது என்றால் உடைக்காமல் மூடிவையுங்கள். பெரிதாகி நடக்க முடியாமல் செய்தால் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, கிருமிநீக்கிய ஊசியால் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டு, ஒட்டாத பஞ்சு வைத்து மேலே டேப் போடுங்கள். சுற்றிலும் சிவந்து பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் வேட்டையை விட்டு இறங்கி மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயோ பாதத்தில் உணர்வுக் குறைவோ உள்ளவர்கள் ஊசியைத் தொடவே கூடாது. பூட்ஸ் வாங்குவதற்கு முன்பே பாத மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனிப் பெயர்கள். முன்பாதம் அகலமானவர் மைண்டல், லோவா, ஹான்வாக் ஆகிய ஜெர்மன் கம்பெனிகளில் தொடங்கலாம். மூன்றிலும் சில மாடல்கள் அகல அச்சில் (பூட்ஸுக்கு உருவம் கொடுக்கும் பாத வடிவ அச்சு) வருகின்றன. கெனட்ரெக்கிலும் அகல அளவு தனியாகக் கிடைக்கிறது. ஒடுங்கிய பாதமும் ஒடுங்கிய குதியும் உள்ளவருக்கு ஸ்கார்ப்பா, லா ஸ்போர்ட்டிவா, கிறிஸ்பி, ஜாம்பர்லான் பொதுவாக ஒத்துப்போகும். பொதுவாக என்றுதான் சொல்கிறேன். ஒரே கம்பெனிக்குள்ளேயே மாடலுக்கு மாடல் அச்சு மாறும். உங்களிடம் இருக்கும் ஜோடியை இப்போதே தூக்கி எறிய வேண்டாம். இன்சோல் சோதனையும் ஒரு விரல் சோதனையும் செய்யுங்கள். நீளம் சரி என்றால் லேஸ், இன்சோல், கெண்டைக்கால் மூன்றையும் சரிசெய்து மறுபடி ஏறிப் பாருங்கள். ஓர் அளவு பெரிது என்று தெரிந்தால் எந்த டேப்பும் அதைக் காப்பாற்றாது. விற்றுவிட்டு அகல அச்சில் சரியான நீளம் வாங்குங்கள்.

பழைய ஜோடி வாங்குவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. அடிக்கும் மேல்தோலுக்கும் நடுவில் இருக்கும் பாலியூரித்தேன் அடுக்கு, போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் உள்ளே சிதையும். ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் மலை நடுவே அடி முழுவதும் கழன்று வந்த பூட்ஸ்கள் ஏராளம். கட்டைவிரல் நகத்தால் அந்த அடுக்கை அழுத்துங்கள். நகத்தடம் மீளாமல் நின்றாலோ, பொடி உதிர்ந்தாலோ, மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ தோல் எவ்வளவு பளபளத்தாலும் எடுக்காதீர்கள். ஊரிலிருந்து யாராவது பழைய பூட்ஸ் கொண்டுவருவதாக இருந்தால் அடியில் ஒட்டிய மண்ணை முழுதும் கழுவிக் காயவைத்து, விமான நிலையத்தில் படிவத்தில் குறிப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மண்ணோடு வரும் காலணி விஷயத்தில் நியூசிலாந்து எல்லைக் காவல் மிகக் கண்டிப்பானது.